செய்தி பொது, எழுத்து யாருடையது?

காலையில் கைப்பேசியைத் திறக்கிறீர்கள். நாளேடு ஒன்றில் நல்ல கட்டுரை வந்திருக்கிறது. விரலால் அழுத்திப் பிடிக்கிறீர்கள். எழுத்துகள் நிறம் மாறுகின்றன. மறுகணம் கட்டுரை முழுவதும் இருநூறு பேர் உள்ள குழுவுக்குப் போய்ச் சேர்கிறது. எவர் வீட்டிலும் ஒரு பொருளும் குறையவில்லை. அப்படியிருக்க, இதில் தவறு என்ன என்று நீங்கள் கேட்கலாம்.

விடை காண, செய்தியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் ஒன்று உடைந்தது என்று கொள்வோம். பாலம் உடைந்தது, எத்தனை மணிக்கு உடைந்தது, எத்தனை ஊர்கள் துண்டிக்கப்பட்டன என்பவை உண்மைகள். அவற்றை எவரும் தமக்கே உரியவை என்று வேலி போட்டுக்கொள்ள முடியாது. 1886-இல் பெர்ன் நகரில் தோன்றிய பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கை, அன்றாடச் செய்திக்குத் தன் பாதுகாப்பு கிடையாது என்றே கூறுகிறது. ஆனால் ஒரு நிருபர் அங்கே போய், நாலு பேரிடம் விசாரித்து, எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் வைப்பது என்று தீர்மானித்து எழுதிய வாக்கியங்கள் இருக்கின்றனவே, அவை அவருடைய ஆக்கம். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காப்பது இந்த ஆக்கத்தைத்தான். நிருபர் சம்பளத்துக்கு எழுதுபவரானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அதை ஏட்டில் வெளியிடும் உரிமை ஏட்டின் உரிமையாளரைச் சேரும்.

அப்படியானால் ஒரு வரியைக்கூட எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கென்றே சில வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. சொந்தப் பயனுக்கும் ஆராய்ச்சிக்கும், விமரிசனத்துக்கும், நடப்பு நிகழ்ச்சிகளைத் தெரிவிப்பதற்கும் பிறர் எழுத்தை நியாயமான அளவில் கையாளலாம். கட்டுரை ஒன்றைப் பிறகு படிப்பதற்காக நீங்கள் சேமித்து வைத்தால் அது சொந்தப் பயன். இருநூறு பேருக்கு அனுப்புவதையும் சொந்தப் பயன் என்று வாதிடுவது கடினம்.

நியாயமான அளவு என்றால் எத்தனை சொற்கள்? பத்து விழுக்காடு என்பார் ஒருவர். மூன்று வரி என்பார் மற்றொருவர். நம் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்லலாம்.

டென்மார்க்கில் இன்ஃபோபாக் என்றொரு நிறுவனம் இருந்தது. வாடிக்கையாளர் ஒரு சொல்லைக் கொடுத்தால், அது எந்த ஏட்டில் வந்தாலும் தேடித் தருவது அதன் தொழில். ஏட்டின் பக்கங்களை ஒளிவருடி படமாக்கும். கணிப்பொறி அந்தப் படத்தை எழுத்துகளாக மாற்றும். தேடிய சொல் அகப்பட்டதும் அதற்கு முன்னால் ஐந்து சொற்கள், பின்னால் ஐந்து சொற்கள் என மொத்தம் 11 சொற்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும். அந்தப் பதினொன்றும் கடைசியில் தாளில் அச்சாகும். இவ்வளவு சிறு துணுக்குக்கா உரிமை? 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதை ஆராய்ந்து, அந்த 11 சொற்களில் ஆசிரியரின் சொந்தப் படைப்புத்திறன் வெளிப்படுமானால் அவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. வெளிப்படுகிறதா இல்லையா என்று பார்க்கும் வேலையை டென்மார்க்கின் நீதிமன்றத்துக்கே விட்டுவிட்டது.

மற்றது அமெரிக்க வழக்கு. முன்னாள் குடியரசுத் தலைவர் ஃபோர்டு எழுதிய நினைவுக் குறிப்புகள் அச்சேறுமுன்பே, 1979-இல், 'தி நேஷன்' இதழின் கைக்குக் கிடைத்துவிட்டன. சுமார் இரண்டு லட்சம் சொற்கள் கொண்ட நூல் அது. இதழ் அப்படியே எடுத்தாண்டவை ஏறத்தாழ 300 சொற்கள்தாம். ஆனால் அவை நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கிய கதையைச் சொன்னவை; நூலின் இதயம் போன்ற பகுதி. அந்நூலிலிருந்து முதலில் வெளியிடும் உரிமையை விலைக்குப் பேசியிருந்த 'டைம்' இதழ், தர வேண்டிய மீதி 12,500 டாலரைத் தர மறுத்துவிட்டது. இது நியாயமான பயன்பாடு ஆகாது என்று 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதற்காக எடுத்தீர்கள், எடுத்த படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலத்தின் விற்பனை கெடுமா என்ற நான்கு கேள்விகளை அந்நாட்டின் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. கடைசிக் கேள்விதான் ஏடுகளுக்கு உயிர்நிலை என்பது என் கருத்து.

அதை நம் நாட்டிலேயே கண்டோம். 2020-இல் ஊரடங்கு வந்தபோது பல ஊர்களில் நாளேடு வீடு சேரவில்லை. மக்கள் மின்னிதழுக்குத் திரும்பினார்கள். தைனிக் ஜாக்ரண் என்ற இந்தி நாளேட்டின் மின்னிதழைச் சிலர் முழு ஏடாகவே டெலிகிராம் அலைவரிசைகளில் நாள்தோறும் ஏற்றினார்கள். ஏடு தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அந்த அலைவரிசைகளை 48 மணி நேரத்துக்குள் நீக்கவும், நடத்தியவர்கள் யார் எனத் தெரிவிக்கவும் அவ்வாண்டு மே மாதம் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. சந்தா கட்ட வேண்டியவர் கட்டாமற் போனால் பாலம் உடைந்த இடத்துக்கு நிருபரை யார் அனுப்புவது?

'ஏட்டின் பெயரைப் போட்டுத்தானே அனுப்பினேன்' என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளை அவரைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் வாடகைக்கு விட்டு, 'இது அவருடைய சைக்கிள்' என்று எழுதி மாட்டினால் போதுமா? பெயரைச் சொல்வது மரியாதை. அதுவே அனுமதி ஆகிவிடாது.

ஆனால் கட்டுரையின் இணைய முகவரியை அனுப்புவது வேறு வகை. அங்கே நகல் எதுவும் நீங்கள் எடுக்கவில்லை. படிப்பவர் அந்த ஏட்டின் பக்கத்துக்கே போகிறார். உரியவர் அனுமதியுடன் எல்லோரும் படிக்குமாறு திறந்து வைத்த பக்கத்துக்கு இணைப்புத் தருவது உரிமை மீறல் அல்ல என்று, சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர்கள் தொடுத்த வழக்கில், 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியிருக்கிறது. முகவரியுடன் 'இதில் இன்ன செய்தி இருக்கிறது' என்று இரண்டு வரி உங்கள் சொந்த வார்த்தையில் எழுதினால் நண்பர்கள் படிக்கவும் செய்வார்கள். வெறும் முகவரியை யார் தொடுகிறார்கள்?

தமிழில் விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில ஏட்டில் வந்த கட்டுரையை வரிக்கு வரி தமிழாக்கிப் பரப்பினால், மொழி மாறியதால் உரிமை மறைந்துவிடுவதில்லை; மொழிபெயர்க்கும் உரிமையையும் நம் சட்டம் மூலத்தின் உரிமையாளருக்கே தருகிறது. அதே கட்டுரையைப் படித்து, அதிலுள்ள உண்மைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு இடங்களில் சரிபார்த்து, உங்கள் நடையில், உங்கள் உவமைகளோடு புதிதாக எழுதுங்கள். அந்த எழுத்துக்கு நீங்களே உரிமையாளர். அதை உங்களைக் கேட்காமல் வேறொருவர் எடுத்துப் போட்டால் அதே சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.