கண்ணாடிச் சீட்டு வேறு, லென்ஸ் சீட்டு வேறு

641104 என்று பின்கோடு போட்டால் காரமடைக்கும் காண்டாக்ட் லென்ஸ் வீடு தேடி வந்துவிடும். கல்யாண போட்டோவில் கண்ணாடி தெரியக் கூடாது, ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி உறுத்துகிறது என்று காரணங்கள் பல. கண்ணாடிக் கடையில் டெஸ்ட் பண்ணிக் கொடுத்த பவர் சீட்டைப் பார்த்து, அதே எண்ணைச் செல்போனில் தட்டி ஆர்டர் போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சீட்டு லென்ஸுக்கு எழுதப்பட்டதல்ல. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கண்ணாடி, விழியிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி மூக்கில் நிற்கிறது. லென்ஸ் கருவிழியின் மேலேயே, கண்ணீர்ப் படலத்தில் ஒட்டி நிற்கிறது. இந்த இடைவெளி மறைந்ததும் தேவைப்படும் பவரும் மாறுகிறது. மைனஸ் 2, 3 வரை வித்தியாசம் பெரிதாக இல்லை. மைனஸ் 4.00 கண்ணாடிக்கு லென்ஸ் சுமார் மைனஸ் 3.75, மைனஸ் 6.00 என்றால் மைனஸ் 5.50, மைனஸ் 8.00 என்றால் மைனஸ் 7.25. பிளஸ் பவரில் இது தலைகீழ்: பிளஸ் 6.00 கண்ணாடிக்குப் பிளஸ் 6.50 லென்ஸ் வேண்டும். கண்ணாடி எண்ணையே போட்டவருக்குத் தூரத்து போர்டு தெளிவாகத் தெரியலாம். நாள் முழுக்கக் கண் தேவைக்கு மேல் உழைப்பதால் சாயங்காலம் தலை வலிக்கும்.

சிலிண்டர் பவர் இருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாதவர்களுக்கு டோரிக் லென்ஸ் கொடுப்பார்கள். கண்ணாடியில் சிலிண்டரை 0.25 படிகளில், அது நிற்கும் கோணமான ஆக்ஸிஸை ஒவ்வொரு டிகிரியாகக்கூட அரைத்துத் தர முடியும். டோரிக் லென்ஸ்கள் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75, 2.25 என்ற சில அளவுகளில்தான் வருகின்றன. ஆக்ஸிஸ் 10 டிகிரிக்கு ஒன்று. சீட்டில் சிலிண்டர் மைனஸ் 1.00, ஆக்ஸிஸ் 85 என்று இருப்பவர் எதைத் தேர்வு செய்வது? அவர் ஊகிக்கக் கூடாது. சோதனை லென்ஸைக் கண்ணில் வைத்து, அதிலுள்ள சிறு கோடு எந்தப் பக்கம் எவ்வளவு சுழன்று நிற்கிறது என்று ஆப்டோமெட்ரிஸ்ட் நுண்நோக்கியில் பார்த்து முடிவு செய்வார். லென்ஸ் 10 டிகிரி சுழன்று நின்றாலே சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைக் கவனிப்பவர்கள் குறைவு. சில மருத்துவர்கள் சிலிண்டரைப் பிளஸில் எழுதுவார்கள். லென்ஸ் பெட்டியில் அது எப்போதும் மைனஸில்தான் இருக்கும். மைனஸ் 3.00, பிளஸ் 1.00, ஆக்ஸிஸ் 90 என்ற சீட்டை மாற்றி எழுதினால் மைனஸ் 2.00, மைனஸ் 1.00, ஆக்ஸிஸ் 180 ஆகும். மூன்று எண்களும் மாறிவிட்டதைப் பாருங்கள்.

கண்ணாடிச் சீட்டில் இல்லவே இல்லாத இரண்டு அளவுகள் லென்ஸுக்கு உண்டு: பேஸ் கர்வ் எனும் உள்வளைவு, விட்டம். 8.4, 8.6 என்றும் 14.0, 14.2 என்றும் பெட்டியில் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். வளைவு இறுக்கமாக இருந்தால் லென்ஸ் அசையாமல் ஒட்டிக்கொண்டு, அடியில் கண்ணீர் ஓட்டம் தடைபடும். தளர்வாக இருந்தால் இமைக்கும்போதெல்லாம் நழுவும். கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது. அது காற்றிலிருந்துதான் ஆக்ஸிஜனை வாங்குகிறது. அதனால் லென்ஸ் எந்தப் பொருளால் ஆனது என்பதும் முக்கியம். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே, பிள்ளைகளின் மெர்க்கூர் விளையாட்டுச் செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்துச் செய்த கருவியில் மென்லென்ஸைச் சுழற்றி வார்த்தார். அன்று அவர் பயன்படுத்திய ஹைட்ரோஜெல் நீர் ஊறிய பொருள். இன்றைய சிலிக்கோன் ஹைட்ரோஜெல் அதைவிடப் பல மடங்கு ஆக்ஸிஜனை உள்ளே விடுகிறது. ஆகவே பவர் ஒன்றாக இருந்தாலும் ஒரு பிராண்டுக்குப் பதில் இன்னொன்றைக் கடை மாற்றி அனுப்புவது சரியல்ல.

இந்தியாவில் லென்ஸ்கார்ட் 2010இல் தொடங்கியபோது முதலில் விற்றது காண்டாக்ட் லென்ஸைத்தான். சின்னப் பெட்டி, உடையாத சரக்கு, மாதாமாதம் திரும்ப வாங்க வேண்டிய பொருள். ஆன்லைன் வியாபாரத்துக்கு நன்றாகவே பொருந்தும். வசதியை நான் குறை சொல்லவில்லை. சீட்டையே கேட்காமல் பட்டியலிலிருந்து பவரைத் தேர்ந்தெடுக்க விடும் தளங்களைத்தான் குறை சொல்கிறேன். அமெரிக்காவில் 2003இல் வந்த சட்டப்படி, கேட்காமலே மருத்துவர் லென்ஸ் சீட்டை நோயாளியிடம் கொடுத்துவிட வேண்டும். விற்பவர் கையில் சீட்டு இல்லையென்றால் எழுதிய மருத்துவரிடம் சரிபார்க்க வேண்டும். எட்டு வேலைமணி நேரத்தில் பதில் வராவிட்டால் சரிபார்த்ததாகக் கொள்ளலாம். இந்தக் கடைசி விதி எனக்கு உடன்பாடில்லை, பதில் இல்லாததைச் சம்மதமாக எடுக்கக் கூடாது. மற்றவை நமக்கும் வேண்டும்.

நல்ல கடை சீட்டின் படத்தைக் கேட்கும். வலது, இடது கண்ணைத் தனித்தனியாக நிரப்பச் சொல்லும். மைனஸா பிளஸா என்று இன்னொரு தடவை உறுதி செய்யும். பேஸ் கர்வ் இல்லாத சீட்டோ காலாவதியான சீட்டோ வந்தால் ஆர்டரை நிறுத்திவைத்து வாடிக்கையாளரைக் கூப்பிடும். வாங்குகிறவர் பங்குக்கு, முதல் லென்ஸை மட்டுமாவது நேரில் பொருத்திப் பார்த்து, லென்ஸுக்கென்றே சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அரவிந்த், சங்கரா போன்ற கண் மருத்துவமனைகள் உள்ள கோவை, காரமடையிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான்.

பெட்டி வந்ததும் பிரிக்காமல் பவர், பேஸ் கர்வ், விட்டம், சிலிண்டர், ஆக்ஸிஸ், காலாவதித் தேதி எல்லாவற்றையும் சீட்டோடு வைத்துப் பாருங்கள். பிறகு பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குப்பிமேலும் உள்ள ஃபாயிலில் அதே எண்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் குப்பியைத் திறக்காமல் திருப்பி அனுப்புங்கள். எல்லாம் சரியாக இருந்து போட்டபிறகும் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். கழற்றிய லென்ஸைக் குழாய்த் தண்ணீரிலோ போர்வெல் தண்ணீரிலோ கழுவ வேண்டாம். கருவிழியை அரிக்கும் அகாந்தமீபா எனும் நுண்ணுயிரி அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடும்.