ஈரக் காற்றில் ஒளிப்படக் கருவி: சில கோளாறுகளும் அவற்றின் காரணங்களும்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு தொடங்கியதும், கழுத்தில் ஒளிப்படக் கருவியை மாட்டிக்கொண்டு வருவோரை நாம் மிகுதியாகக் காண்கிறோம். கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கும் இக்காலத்திலும், வீட்டு அலமாரியில் உறங்கிக் கிடந்த பழைய மின்னிலக்கக் கருவிகளை இளையர்கள் தேடியெடுத்துப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் சிலவற்றில் தாத்தா, பாட்டியின் படங்களும், வீடு மாறுவதற்குமுன் எடுத்த படங்களும் இன்னும் நினைவட்டையிலேயே தங்கியிருக்கக்கூடும். கோளாறு கண்டவுடன் அவசரப்பட்டுச் செய்யும் ஒரு செயல், கருவியோடு அப்படங்களையும் போக்கிவிடலாம்.

முதல் மின்னிலக்க ஒளிப்படக் கருவியை 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் ஆயின. இன்றைய கருவிகள் எவ்வளவோ மாறியிருந்தாலும் ஒளி செல்லும் வழி அதுவே: வில்லை, உணரி, செயலி, நினைவகம். இவற்றுள் எங்கே தடை நேர்ந்தது என்று கண்டறிந்தால் பாதி வேலை முடிந்தது.

சிங்கப்பூரில் முதலில் ஐயுற வேண்டியது காற்றை. இங்கு ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். குளிரூட்டப்பட்ட பெருவிரைவு ரயிலில் வந்து, லிட்டில் இந்தியா நிலையத்தைவிட்டு வெளியேறி, தேக்கா நிலையத்தின் முன் கருவியை எடுத்தால் வில்லையில் பனிபடர்ந்தாற்போல் மங்கல் தோன்றும். குளிர்ந்த கண்ணாடியின்மேல் வெளிக்காற்றின் நீராவி நீராகப் படிவதே இது. உடனே துணியால் துடைப்பது பயனற்றது. கண்ணாடி சூடேறும்வரை ஈரம் மீண்டும் படியும். அந்நிலையில் வில்லையைக் கழற்றினால் ஈரம் கருவியின் உள்ளேயும் புகும். குளிரறையிலிருந்து புறப்படுமுன்பே கருவியைக் காற்றுப்புகாத நெகிழிப் பையில் இட்டு மூடி, வெளியே வந்தபின் அரைமணி நேரம் பொறுத்துத் திறப்பதே தக்க வழி.

இதைவிடக் கொடியது பூஞ்சை. வில்லையின் பின்புறமிருந்து கைவிளக்கைக் காட்டிப் பார்த்தால் சிலந்தி நூல்போல் கிளைவிட்ட கோடுகள் தெரியும். தோலுறையில் இட்டுத் துணி அலமாரியில் வைப்பதைப் பத்திரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. பூஞ்சை சுரக்கும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிட்டால், தூய்மைப்படுத்திய பின்னும் தழும்பு நிற்கும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் உலர்பெட்டி இவ்வூரில் ஆடம்பரப் பொருளன்று. அதற்கு வழியில்லாதோர், இறுக மூடும் சமையலறைப் பெட்டியில் சிலிக்கா மணிகளுடன் கருவியை வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று பொருள்.

வெப்பமும் ஈரமும் உணரியையே கெடுத்த வரலாறும் உண்டு. 2005ஆம் ஆண்டில் சோனி உள்ளிட்ட பல நிறுவனங்கள், தாம் சில ஆண்டுகளுக்குமுன் விற்ற சில மாதிரிகளில் படம் சிதைந்தோ, முற்றும் தோன்றாமலோ போகலாம் என்று அறிவித்து, இலவசமாகப் பழுதுபார்த்துத் தந்தன. சூடும் ஈரமும் மிக்க இடங்களில் உணரியின் உள்ளிணைப்புகள் விட்டுப்போனதே காரணம். பழைய கருவியில் படங்கள் ஊதா நிறக் கோடுகளாகத் தெரிந்தால், பயன்படுத்துபவரின் கைத்தவறு என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை.

தைப்பூசத்தன்று ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடிகளுடன் நடப்போர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். திருநீறும் குங்குமமும் மிக நுண்ணிய பொடிகள். சிறிய கருவிகளின் நீளும் வில்லைக்குழாய் இடுக்கில் அவை புகுந்தால் வில்லை பாதியில் நின்று, திரையில் பிழைச்செய்தி தோன்றும். கையால் பிடித்து இழுத்தால் பற்சக்கரம் உடையும். மின்கலத்தை அகற்றிச் சில நிமிடங்கள் விட்டு, காற்றுக்குமிழால் இடுக்கில் ஊதியபின், முழுதும் மின்னேற்றிய கலத்தை இட்டுப் பார்க்கலாம். அப்போதும் அசையவில்லையெனில் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நலம். இரவுப் படங்களில் வெண்ணிற வட்டங்கள் மிதப்பதைச் சிலர் ஆவி என்பர். வில்லைக்கு அருகில் பறக்கும் பொடியின்மேல் மின்வெட்டொளி பட்டதே அது.

ஒளியூட்டைப் படமெடுக்கையில் குறுக்குப் பட்டைகள் விழுவது மற்றொரு முறையீடு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாமல் மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் அதைவிட விரைவாக மூடினால் அத்துடிப்பு படத்தில் பதிந்துவிடும். 1/100 அல்லது 1/50 நொடிக்கு மாற்றினால் பெரும்பாலும் பட்டைகள் மறையும். கை நடுங்காதிருக்கக் கடைவீட்டின் ஐந்தடிப் பாதைத் தூணில் சாய்ந்துகொள்ளலாம்.

நினைவட்டை திறக்கவில்லை என்றால், அதன் ஓரத்திலுள்ள சிறு பூட்டுத்தகடு கீழிறங்கியுள்ளதா என்று முதலில் பார்ப்போம். எழுதத்தான் அது தடைவிதிக்கும், படங்கள் அழிவதில்லை. அட்டையை வடிவமைக்கவா என்று கருவியோ கணினியோ கேட்டால், படங்களை மீட்டெடுக்கும்வரை வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். தவறுதலாக அழித்த படமும் உடனே மறைந்துபோவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. அவ்விடத்தில் புதிய படம் எழுதப்படும்வரை ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்க வாய்ப்புண்டு. ஆகவே அந்த அட்டையில் மேலும் ஒரு படம்கூட எடுக்கலாகாது. மீட்ட படங்களை அதே அட்டையில் சேமிப்பதும் கூடாது.

மழையில் நனைந்த கருவியின் மின்கலத்தை முதலில் கழற்ற வேண்டும். இயங்குகிறதா என்று போட்டுப் பார்ப்பதே பல கருவிகளுக்கு முடிவாகிறது. அரிசிக்குள் புதைத்தால் மாவுத்தூசிதான் மிஞ்சும். படத்தில் ஒரே இடத்தில் கரும்புள்ளி தெரிந்தால், துளையை எஃப் 16க்குக் குறுக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்க்கலாம். புள்ளி அதே இடத்தில் மேலும் தெளிவாகத் தெரிந்தால் அது உணரியில் ஒட்டிய தூசி.

நெடுநாள் கிடந்த கருவி ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால், அதன் கடிகாரத்திற்கான சிறு கலம் தீர்ந்திருக்கிறது. பல கருவிகளில் முதன்மைக் கலத்தை மின்னேற்றி ஓரிரு நாள் உள்ளேயே விட்டால் அது தானே நிரம்பிக்கொள்ளும். சிலவற்றில் நாணய வடிவக் கலத்தை மாற்ற வேண்டும். தேதி தவறாகவே எடுத்த படங்களையும் கணினியில் திருத்தலாம். எந்த ஆண்டுத் தைப்பூசம் அது என்று சொல்லக்கூடிய மூத்தவர் வீட்டில் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.