பின்சக்கரம் முந்திக்கொண்டால்...

மழை விட்டதும் சுங்கை ரம்பாய் தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பின் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் பின்சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். சைக்கிளின் பின்பக்கம் வழுக்கி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சைக்கிளில் காலை ஊன்றித் தப்பிக்கலாம். காரில் அதற்கு வழியில்லை.

உருளும் டயர் பக்கவாட்டில் நகராமல் சாலையைப் பிடித்துக்கொள்ளும். சுழற்சி நின்ற டயர் எந்தப் பக்கமும் சறுக்கும். அதனால் காரின் பின்சக்கரங்கள் முதலில் நின்றால் கார் சுழன்று திரும்பிவிடும். முன்சக்கரங்கள் முதலில் நின்றால் திருப்ப முடியாது. ஆனாலும் நேராகவாவது போகும். இரண்டில் இதுவே மேல்.

இன்றைய கார்களில் இதை ஏபிஎஸ் கவனித்துக்கொள்கிறது. பழைய விளையாட்டுக் கார்களின் நகல்களைக் கட்டுபவர்கள்தாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். 1950களின் எம்.ஜி. டி.டி. காரின் அச்சாக, டி.டி.2000 என்ற நகல் கார் நம் மலேசியாவிலேயே தயாரானது. அசல் எம்.ஜி.யில் இருந்தது 1,250 சிசி எஞ்சினும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கும்தான். பட்டறையில் சொந்தமாக நகல் கார் கட்டுபவர்கள் முன் பிரேக்கை ஒரு காரிலிருந்தும் பின் பிரேக்கை இன்னொரு காரிலிருந்தும் எடுத்து மாட்டுவதுண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நகல் கார் ஒன்றின் எடை 900 கிலோ. முன்னும் பின்னும் 450 கிலோ. புவியீர்ப்பு மையம் 0.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர். காய்ந்த சாலையில் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு அளவுக்குப் பிரேக் போட்டால் முன்னால் சாயும் சுமை 900 × 0.8 × 0.5 ÷ 2.4 = 150 கிலோ. இப்போது முன்னால் 600, பின்னால் 300. ஆகவே பிரேக் விசையும் 2:1 என்று பிரிய வேண்டும்.

மாட்டிய பிரேக்குகளோ 60:40 என்று பிரிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் முந்திக்கொள்ளும்! டிஸ்க்கையும் பிஸ்டனையும் மாற்றச் செலவு அதிகம். பேட் மாற்றுவது சுலபம்.

பல பிரேக் பேட்களின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் உராய்வுக் கெழு, இரண்டாவது சூடான நிலையில். 'இ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. இரு பக்கமும் 0.40 உள்ள 'எஃப்' பேட் இருந்தது. பின்னால் மட்டும் 0.30 உள்ள 'இ' பேட் போட்டால் 60 × 0.40 = 24, 40 × 0.30 = 12. சரியாக 2:1. மிதியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டிவரும், அவ்வளவுதான்.

மழையில்? ஈரச் சாலையில் 0.4 பங்குதான் பிரேக் பிடிக்கும் என்றால் முன்னால் சாய்வது 75 கிலோ மட்டுமே. முன்னால் 525, பின்னால் 375. பிரேக் இன்னமும் 2:1 என்றே பிரிப்பதால் முன்சக்கரம்தான் முதலில் நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இதைக் கேட்டதும் சிலர் முன்னால் பந்தய பேட் போட நினைப்பார்கள். அது சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். கடைக்குப் போய்வரும் காரில் அது சூடேறுவதற்குள் முன் பிரேக் பலவீனமாகவே இருக்கும். பழையபடி பின்சக்கரம் முந்தும்.

எழுத்து காட்டுவது ஓர் எல்லையைத்தான். ஒரே எழுத்துள்ள இரண்டு பேட்கள் வேறுபடலாம். அதனால் ஆளில்லாத மூடிய திடலில் ஓட்டிப் பார்த்து, எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று வெளியிலிருந்து ஒருவர் கவனிக்க வேண்டும். புதுப் பேட் டிஸ்க்கோடு நன்றாகப் படிந்த பிறகே இந்தச் சோதனை. அதற்கு முன் கிடைக்கும் முடிவை நம்ப முடியாது.