காரில் செய்யும் மாற்றமும் கம்பெனி தரும் உத்தரவாதமும்

நடுத்தரக் குடும்பம் ஒன்று கார் வாங்குவது எளிய செயலன்று. பல ஆண்டுச் சேமிப்பும், வங்கிக் கடனும் சேர்ந்தே வாசலில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அவ்வாறு வந்த வண்டிக்கு ஒளிமிக்க விளக்கு, அகன்ற டயர், பாட்டுப் பெட்டி, கேஸ் கிட் என்று வெளிக்கடையில் பொருத்துவது இன்று எங்கும் காணப்படும் வழக்கம். பின்னர் ஏதேனும் பழுது வந்து டீலரிடம் சென்றால், “வெளியில் வேலை செய்திருக்கிறீர்கள், வாரண்டி போய்விட்டது” என்ற ஒரே வரியில் விடை கிடைப்பதும் உண்டு. இந்த ஒரு வரி எவ்வளவு தூரம் சரி? ஒரு மாற்றம் செய்த உடனே முழு உத்தரவாதமும் அற்றுப் போகுமா? இதனை ஈண்டு ஆராய்வோம்.

உத்தரவாதம் என்பது யாது?

வாரண்டி எனப்படும் உத்தரவாதம், வண்டியைச் செய்த கம்பெனி எழுத்தில் தரும் வாக்குறுதி. மூலப்பொருளிலோ, செய்நேர்த்தியிலோ குறை இருந்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அல்லது குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள் பழுது ஏற்பட்டால், செலவின்றிச் சரிசெய்து தருவோம் என்பதே அதன் சாரம். தேய்ந்து போவதையே இயல்பாகக் கொண்ட பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர் போன்றவை பொதுவாக இதில் அடங்கா. வாக்குறுதி தருவது கம்பெனி. அதை நிறைவேற்றும் கை டீலர். டீலரே தம் கடையில் பொருத்தித் தரும் கூடுதல் பொருள்களுக்குக் கம்பெனி உத்தரவாதம் தானாக வந்துவிடாது. ஆகவே அவற்றிற்கெனத் தனி உத்தரவாதம் உண்டா என்பதை வாங்கும்போதே கேட்டறிய வேண்டும்.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் நாட்டுப் பழமொழி. காக்கை உட்கார்ந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. ஆனால் காக்கையால்தான் பழம் விழுந்ததா என்பதே கேள்வி. உத்தரவாதத் தகராறுகள் அனைத்திலும் அடிப்படைக் கேள்வி இதுவே. மாற்றம் செய்தது உண்மை, பழுது வந்ததும் உண்மை. அந்த மாற்றத்தால் இந்தப் பழுது வந்ததா என்று பார்க்க வேண்டும்.

சீட்டுக்கு உறை தைத்துப் போட்டவரின் கியர் பெட்டி பழுதானால், இரண்டிற்கும் தொடர்பில்லை என்பது வெளிப்படை. ஆனால் எல்லா மாற்றங்களும் இவ்வாறு தீங்கற்றவை அல்ல. சிலவற்றை எடுத்துக் காண்போம்.

முதலாவது, ஹெட்லைட் பல்பு. 12 வோல்ட் மின்சாரத்தில் 60 வாட் பல்பு ஒன்று 5 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பதில் 100 வாட் பல்பு போட்டால் சுமார் 8.3 ஆம்பியர் இழுக்கும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப வளரும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்ததே. எனவே அதே கம்பியில் ஏறத்தாழ 2.8 மடங்கு வெப்பம் தோன்றும். ஒயர் உருகி, சுவிட்சு கருகினால் அதைத் தயாரிப்புக் குறை என்று கூற முடியாது. ரிலேயும் பியூசும் வைத்துத் தனி ஒயரிங் செய்வோர் இந்த அபாயத்தைப் பெரிதும் குறைத்துக் கொள்கின்றனர்.

இரண்டாவது, டயர். 165/80 ஆர்14 என்ற அளவுள்ள டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். அதற்கு மாறாக 195/65 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 634 மில்லிமீட்டராகிறது; அதாவது 2.4 விழுக்காடு கூடுதல். சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடுவதால், வேகமும் கிலோமீட்டர் கணக்கும் முன்னிலும் குறைத்தே காட்டப்படும். உத்தரவாதம் கிலோமீட்டரைக் கொண்டு எண்ணப்படுவதால் இதுவும் ஒரு வழக்காக முளைக்கலாம். சக்கரம் வெளிப்புறமாகத் தள்ளி நிற்கும் அலாய் வீலானால், பேரிங்கின்மேல் விழும் பளுவும் மிகும். அப்போது பேரிங் பழுதுக்கு இம்மாற்றமே காரணம் எனக் கம்பெனி கூறுவதில் நியாயம் உண்டு. ஆனால் ஏர்கண்டிஷன் பழுதுக்கு அவ்வாறு கூற இயலாது.

மூன்றாவது, என்ஜினை ஆளும் கணினியின் நிரலை மாற்றி வலிமையைக் கூட்டுவது. பிஸ்டன், டர்போ, கிளட்ச், கியர் ஆகிய அனைத்தும் ஒரு குறிப்பிட்ட விசைக்கென அளவிடப்பட்டவை. விசையைக் கூட்டினால் இவற்றில் எது முறிந்தாலும் பழி மாற்றத்தின்மீதே விழும். மாற்றங்களிலே உத்தரவாதத்திற்குப் பெருங்கேடு விளைப்பது இதுவே எனலாம்.

சட்டம் கூறுவது

இக்கேள்விக்கு முன்னோடியாக விடை கண்ட நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. 1975-ஆம் ஆண்டு அங்கு நிறைவேறிய மாக்னுசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம், “எங்கள் பெயருள்ள உதிரிபாகத்தையே போட வேண்டும், இல்லையேல் உத்தரவாதம் இல்லை” என்று நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடை செய்தது. வெளிப்பொருளால்தான் பழுது வந்தது என்று காட்டும் பொறுப்பு கம்பெனியையே சாரும் என அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் விளக்கியுள்ளது. 2022-இல் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் உத்தரவாத நிபந்தனைகள்மீது அவ்வாணையம் நடவடிக்கை எடுத்து அவற்றைத் திருத்தச் செய்தது.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. எனினும் 2014 ஆகஸ்டு 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களின்மீது அளித்த தீர்ப்பு கருதத்தக்கது. உதிரிபாகங்களைத் திறந்த சந்தைக்கு விடாமல் கட்டுப்படுத்தியதற்காக 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அத்தீர்ப்பு, வெளி மெக்கானிக்கிடம் வேலை செய்ததற்காகவே உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது என்றும் பணித்தது. வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதம் விளைந்ததோ அவ்வளவிற்கே மறுக்கலாம் என்பது அதன் கருத்து. அபராதம் குறித்து மேல்முறையீடுகள் எழுந்தன. தீர்ப்பு பேசியதும் பழுதுபார்க்கும் வேலையைப் பற்றியே. மாற்றம் செய்வதை அது நேராகத் தொடவில்லை. எனினும் காரணம் பார்க்க வேண்டும் என்ற நெறி இரண்டிற்கும் பொருந்தும்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்த காலத்தில் பொருள் மாற்றப்பட்டோ திரிக்கப்பட்டோ இருந்தால், விற்றவர்மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. கேஸ் கிட் பொருத்துவதற்கு இச்சட்டம் வழிவிடுகிறது. ஆனால் அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், பதிவுப் புத்தகத்திலும் ஏற்ற வேண்டும்.

செய்யத்தக்கவை

மாற்றம் செய்யுமுன் உத்தரவாதப் புத்தகத்தில் “எவை அடங்கா” என்ற பக்கத்தைப் படிக்க வேண்டும். ஐயம் இருந்தால் டீலரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை பெற வேண்டும். வாய்ச்சொல் பின்னாளில் துணை வராது. பொருத்தியவரின் பில்லையும், கழற்றிய பழைய பாகத்தையும் பாதுகாக்க வேண்டும். ஒயரை வெட்டி ஒட்டும் வேலையைத் தவிர்த்து, பிளக்கில் செருகும் வகையைத் தேர்வது நலம்.

டீலர் மறுத்தால் சினம் கொள்ளுதல் பயன் தராது. எந்த மாற்றம், எந்தப் பழுதை, எவ்வாறு உண்டாக்கியது என்று எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும். விடை நிறைவளிக்காவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். புதிய சட்டப்படி, வாங்கிய ஊரில் மட்டுமன்றி வாழும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். பொருளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிச் சோதிக்கச் செய்யும் அதிகாரமும் ஆணையத்திற்கு உண்டு. அங்கே காக்கையா, காற்றா, கனிந்த பழமா என்பது ஆதாரத்தால் முடிவு செய்யப்படும்.

ஆகவே, எந்த மாற்றமும் உத்தரவாதத்தை முற்றிலும் அழித்துவிடும் என்று அஞ்சுவதும் தவறு. எதைச் செய்தாலும் கம்பெனி கொடுத்தே தீர வேண்டும் என்று எண்ணுவதும் தவறு. எதை மாற்றுகிறோமோ அதைச் சார்ந்த பாகங்களின் பொறுப்பை நாம் நம் தோளில் ஏற்றுக்கொள்கிறோம். மற்றவற்றின் பொறுப்பு கம்பெனியிடமே நிற்கிறது. இவ்வெல்லையை அறிந்தவர், “வாரண்டி போய்விட்டது” என்ற ஒரு வரியைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பமாட்டார், “எதனால்?” என்று கேட்பார்.