ஒன்பது வயதுத் துப்பறிவாளன்

துப்பறியும் கதை என்றதும் ஒரு தலைமுறைக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால் நினைவுக்கு வருவார். அடுத்த தலைமுறைக்குச் சுஜாதாவின் கணேஷும் வசந்தும். அறிவு, வசதி, காவல் நிலையத்தில் மரியாதை ஆகிய எல்லாம் உடையவர்கள் அவர்கள். இவற்றுள் ஒன்றுமே இல்லாத குடிசைப் பகுதிச் சிறுவன் ஒருவன் துப்பறியப் புறப்பட்டால்?

கேரளத்தைச் சேர்ந்த தீபா அனப்பாரா ஆங்கிலத்தில் எழுதிய ‘ஜின் பேட்ரோல் ஆன் தி பர்ப்பிள் லைன்’ அத்தகைய கதை. 2020-ல் வெளிவந்த இது அவருடைய முதல் நாவல். அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருதை 2021-ல் சிறந்த நாவலுக்காகப் பெற்றது. பர்ப்பிள் லைன் என்பது கதையில் வரும் ஊதா நிற ரயில் தடம்.

புகைமூட்டம் கவிந்த ஒரு வடஇந்தியப் பெருநகரம். அதன் குடிசைப் பகுதியில் வகுப்புத் தோழன் ஒருவன் காணாமற்போகிறான். தாய் காவலரிடம் ஓடுகிறாள். அவளுடைய தங்கச் சங்கிலி அவர்கள் கைக்குப் போகிறதேயன்றிப் பிள்ளையைத் தேட எவரும் புறப்படவில்லை. மேலும் வற்புறுத்தினால் புல்டோசர் வந்து குடிசைகளை இடிக்குமோ என்று மக்களுக்கு அச்சம். தொலைக்காட்சியில் போலீஸ் தொடர்களைப் பார்த்தே வளர்ந்த ஜெய், ‘நாமே தேடுவோம்’ என்று கிளம்புகிறான். புத்திசாலிச் சிறுமி பரியும் முஸ்லிம் சிறுவன் ஃபைஸும் அவனுக்குத் துணை.

பிள்ளைகளைக் கொண்டுபோவது ஜின்களே என்பது ஃபைஸின் முடிவு. திருமறையின் 72-ஆம் அத்தியாயமே ஜின்களின் பெயரால் அமைந்திருக்க, அந்தப் படைப்பைப் பற்றி நமக்கு ஐயமில்லை. ஆனால் மனிதன் செய்யும் பாதகத்தை ஜின்னின் தலையில் சுமத்துவது வேறு விஷயம். ஃபைஸைப் பார்த்துப் புன்னகைத்தபடியே படித்து வருகிறோம். பிறகு பழி ஜின்களை விட்டு முஸ்லிம்களின் மேல் திரும்புகிறது. ஃபைஸின் அண்ணனே கைதாகிறான்! காணாமற்போனவர்களுள் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பது பழி சுமத்துவோர்க்கு ஒரு பொருட்டன்று. நாவலின் மிக வலுவான பகுதி இதுவே என்பேன். ஆசிரியர் கூக்குரல் எழுப்பவில்லை. நண்பன் முகம் வாடுவதைக் கண்டு என்ன சொல்வதென்று அறியாத சிறுவனின் கண்வழியே எல்லாவற்றையும் காட்டுகிறார்.

தீபா அனப்பாரா மும்பையிலும் டில்லியிலும் பல்லாண்டுகள் பத்திரிகையாளராய் இருந்தவர். ஏழைப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எழுதியவர். கதையைப் படிக்கையில் டில்லியை அடுத்த நொய்டாவின் நிதாரி நினைவுக்கு வராமற்போகாது. அங்கே ஏழைப் பெற்றோர் மாதக்கணக்கில் முறையிட்டும் கேட்பாரில்லை. 2006 டிசம்பரில் வடிகாலிலிருந்து எலும்புகள் எடுக்கப்பட்ட பின்னரே நாடு விழித்தது. மரண தண்டனை பெற்றிருந்த இருவரையும் 2023-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அப்படியானால் அந்தப் பிள்ளைகளைக் கொன்றவர் யார்? அந்தக் கேள்விக்கு விடை கூற எந்த சங்கர்லாலும் வரவில்லை.

வடக்கே நடப்பது கல்லங்குறிச்சியில் இருக்கும் நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். குழந்தை காணாமற்போனதாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ‘இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்’ என்று எந்த நிலையத்திலும் திருப்பியனுப்ப இயலாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கதையில் வரும் அந்தத் தாய்க்கு இவ்விரண்டையும் சொல்ல ஒருவரும் இல்லை.

முடிவை இங்கே வெளியிடுவது முறையாகாது. துப்பறிவாளன் இறுதியில் வென்று நிற்பான் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நாயகன் சிறுவன்தானே என்று சிறுபிள்ளைகளின் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம், அவர்கள் தாங்கமாட்டார்கள். கல்லூரி செல்லும் மகனுக்கோ மகளுக்கோ கொடுக்கலாம், நீங்கள் முதலில் படித்துவிட்டு.