ஞாயிற்றுக்கிழமையும் நாம் வாழும் தீவும்

மும்பையில் குடியேறி வாழும் நம்மவரிடம், "நீங்கள் ஒரு தீவில் வாழ்கிறீர்கள்" என்று கூறினால் பெரும்பாலோர் நகைப்பர். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் முலுந்திலும் குடியிருக்கும் நமக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் பிடிக்கும் மின்ரயில், மாலையில் பிடிக்கும் மின்ரயில், இவ்விரண்டுக்கும் நடுவே அலுவலகம். கடல் என்பது, ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் சௌபாத்திக்கு அழைத்துச் சென்று காட்டும் பொருள். நாங்களும் பத்தாண்டுகள் அவ்வாறே வாழ்ந்தவர்கள்தாம்.

எங்களுக்கு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வீடு. ஞாயிறு வந்தால் துணி துவைத்தல், காய்கறி வாங்குதல், பிற்பகல் உறக்கம். சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு நெல்லைச் சீமையிலுள்ள ஊருக்குச் சென்றிருந்தபோது, எங்கள் பெரியப்பா எங்கள் எட்டு வயது மகளிடம், "உங்க பம்பாயில என்னம்மா இருக்கு?" என்று வினவினார். அவள் சற்று யோசித்து, "ரயில் இருக்கு தாத்தா, பெரிய பெரிய கட்டடம் இருக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. பிறந்து வளர்ந்த இடத்தைப் பற்றிச் சொல்ல ஒரு குழந்தைக்கு இரண்டு வார்த்தைகளே உள்ளன என்றால், குற்றம் குழந்தையுடையதன்று. ஊர் திரும்பியதும் மாதத்தில் இரண்டு ஞாயிறுகளை வெளியே கழிப்பது என்று முடிவு செய்தோம்.

ஏழு தீவுகளின் கதை

கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், மாகிம், வொர்லி என ஏழு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடந்ததே பழைய மும்பை. 1661-ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையால் போர்த்துகீசியரிடமிருந்து ஆங்கில அரசருக்குச் சீதனமாக வந்த இவ்விடம், 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பின்னர் இடையிலிருந்த கடல் சிறுகச் சிறுகத் தூர்க்கப்பட்டு, ஏழும் ஒன்றாயின. மாகிமையும் பாந்திராவையும் இணைக்கும் கரைப்பாதை 1845-இல் முடிந்தது. பாந்திராவுக்கு வடக்கே பரந்திருப்பது சால்செட் என்னும் பெருந்தீவு.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதற் பயணிகள் ரயில்கூடத் தீவை விட்டு வெளியேறவில்லை. மறு ஆண்டில்தான் தாணாக் கழியைப் பாலத்தால் கடந்து கல்யாண் சென்றது. டோம்பிவிலி, கல்யாண் அன்பர்கள் நாள்தோறும் இருமுறை கடல்நீரைக் கடந்தே வேலைக்கு வந்து போகிறார்கள். சன்னலோரம் நிற்க இடம் கிடைத்தவர் மட்டுமே அதனைக் காண்பர்!

கனேரி மலை

முதல் நடை கனேரிக்கு. போரிவிலி நிலையத்தின் கிழக்கே சற்று நடந்தால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாயில். மாநகருக்குள்ளேயே ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் காடு! சிறுத்தைகள் வாழும் காடு ஆதலால், குறித்த பாதையை விட்டு விலகுதல் கூடாது. உள்ளே சில கிலோமீட்டர் சென்றால், கரும்பாறையில் குடையப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் உள்ளன. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலந்தொட்டுப் பல நூற்றாண்டுகள் துறவியர் இங்கே தங்கியிருந்தனர்.

சிற்பங்களைக் காட்டிலும் எங்கள் இல்லாளைக் கவர்ந்தவை அங்குள்ள நீர்த்தொட்டிகள். மழைநீர் வீணாகாமல் பாறையில் வாய்க்கால் வெட்டி, குகைதோறும் தொட்டியில் சேர்த்திருக்கிறார்கள். "குழாயடியில் வரிசை நிற்காமல் வாழ்ந்த புண்ணியவான்கள்!" என்றாள் அவள். இதே காட்டுக்குள்தான் 1860-இல் மும்பைக்குக் குழாய்நீர் தந்த விகார் ஏரியும் இருக்கிறது.

எலிபெண்டா

கேட்வேயிலிருந்து விசைப்படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றால் காராபுரி என்னும் எலிபெண்டாத் தீவு. அங்கு கிடந்த கல்யானையைக் கண்டு போர்த்துகீசியர் இட்ட பெயர் அது. அந்த யானை இன்று பைகுல்லா இராணி பாகில் நிற்கிறது. துறையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறவேண்டும். எங்கள் தாயார் ஏறமாட்டார் என எண்ணினோம். அவரோ எங்களுக்கு முன்னே ஏறி நின்றார்.

அங்கே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. வழிகாட்டி ஒருவர் வெளிநாட்டாருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் எங்கள் தாயார், எழுத்தறியாதவர், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது அர்த்தநாரீசுவரர், இது கலியாண சுந்தரர், இங்க பாரு, இராவணன் கயிலையைத் தூக்குறான், இவர் சடையில கங்கையைத் தாங்குறார்" என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிவிட்டார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய சிற்பியும் எங்கள் பாட்டிமாரும் ஒரே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் போலும்! சுமார் ஐந்தரை மீட்டர் உயரமுள்ள மும்முகச் சதாசிவ மூர்த்தியின்முன் வந்ததும் அவர் பேசவில்லை, கைகூப்பி நின்றார். திங்கட்கிழமைகளில் குகை திறப்பதில்லை என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க.

மலாடு மார்வேத் துறையிலிருந்து படகேறிக் கழியைக் கடந்தால் மனோரி, கொராய், உத்தன் என்னும் சிற்றூர்கள். மீன் உலர்த்தும் மூங்கிற் பந்தல்களும் தென்னந்தோப்பும் கண்டு, கன்னியாகுமரிக் கரைக்கே வந்துவிட்டோமோ என மயங்கினோம். இந்நிலப்பரப்புக்கும் தாராவித் தீவு என்றே பழம்பெயர் உண்டென அறிந்து நம் தாராவி நண்பர்கள் பெரிதும் வியந்தனர்.

எங்கள் பிழை

இனிச் சொல்வது பெருமைக்குரியதன்று. எனினும் பிறர்க்குப் பயன்படும். சென்ற தை மாதம் மைத்துனர் குடும்பத்துடன் அலிபாக் சென்றோம். கானோஜி ஆங்கிரேயின் கடற்படைத் தளமாயிருந்த கொலாபாக் கோட்டை, கரைக்குச் சற்றுத் தொலைவில் கடலுக்குள் நிற்கிறது. நீர் வற்றும் வேளையில் நடந்தே செல்லலாம். பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள், முற்பகலில் வற்றம். கணுக்கால் நீரில் சிரித்துக்கொண்டே நடந்து சென்றோம்.

கோட்டையினுள் கணபதி கோயில். கடல் நடுவே நன்னீர்க் கிணறு. குழந்தைகள் மதிலிலிருந்து வர மறுத்தனர். "இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே, அத்தான்" என்றார் மைத்துனர். கடிகாரத்தைப் பார்க்கவேண்டியவர்கள் நாங்கள், பார்க்கவில்லை. ரயில் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதிப் பிழைப்பவர்கள், கடலுக்கும் ஓர் அட்டவணை உண்டென்பதை மறந்தோம்.

வெளியே வந்தபோது நடந்து வந்த வழியைக் காணோம். முழங்கால் ஆழந்தானே என்று இறங்கினோம். பாதி வழியில் நீர் இடுப்புக்கு வந்தது. கீழே பாறை வழுக்கிற்று. மகள் தோளைப் பற்றிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவ்வழியே படகில் வந்த கோலி மீனவர் ஒருவர் எங்களைக் கண்டு விரைந்து வந்து, குழந்தைகளை முதலில் ஏற்றினார். கரை சேர்ந்தபின் பணம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை. "அடுத்த முறை கடலைக் கேட்டுவிட்டுப் போங்கள்" என்று மராத்தியில் சொல்லிவிட்டுச் சென்றார். அன்றிரவு வீட்டில் எவரும் உண்ணவில்லை.

சில யோசனைகள்

அதன்பின் நாங்கள் கைக்கொண்ட ஒழுங்குகள் இவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் மிகுதி. நாள்தோறும் அது ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வரும். ஆகவே அன்றைய ஓத நேரத்தைக் கேட்டறியாமல் கடலில் கால்வையாதீர்கள். படகில் மிதவைச் சட்டையைக் கூசாது கேட்டு அணியுங்கள். 2024 டிசம்பர் 18 அன்று எலிபெண்டா சென்ற படகின்மீது கடற்படை விரைவுப்படகு மோதிப் பத்துப் பேருக்கு மேல் மாண்டதை மறத்தலாகாது. மழைக்காலத்தில் கடற்பயணம் தவிர்த்து, மலைநடையோடு நிற்க. ஞாயிறன்று தண்டவாளப் பராமரிப்புக்காக மின்ரயில்கள் குறையும்; 'மெகா பிளாக்' அறிவிப்பைச் சனிக்கிழமையே பார்த்துக்கொள்க. கட்டுச்சோறு கொண்டு செல்லின் செலவு குறையும். ஆனால் குரங்குகள் பறிக்காமல் காக்கவேண்டும்.

மகள் நீரைக் கண்டு மீண்டும் அஞ்சாதிருக்க இரண்டு மாதங்கள் ஆயின. இப்போது பெரியப்பாவோடு தொலைபேசியில் பேசும்போது ஓதத்தின் கதையைத்தான் முதலில் சொல்கிறாள். பாட்டியிடம் கற்ற கயிலைக் கதையை அடுத்துச் சொல்கிறாள். வைத்தால் பேச்சு முடிவதில்லை.

சங்கத்தின் சார்பில் மாதம் ஒரு ஞாயிறு இத்தகைய உலா நடத்தினால், தனித்துச் செல்ல அஞ்சும் குடும்பங்களுக்குப் பெருந்துணையாகும். முதல் உலாவைக் கனேரியிலிருந்தே தொடங்கலாம். உடன்வர விரும்பும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுப்பார்களாக. ரயில் நேரமும் ஓத நேரமும் பார்த்துச் சொல்லும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.