இடது என்பது யாருடைய இடது? உடலின் திசைச் சொற்கள் காக்கும் ஒழுங்கு

திருவனந்தபுரம்:

இடது காலில் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை வலது காலில் செய்யப்பட்டுவிட்டதாக, 2023 பிப்ரவரியில் கேரள மாநிலம் கோழிக்கோட்டில் ஒரு பெண்ணின் குடும்பத்தினர் தனியார் மருத்துவமனை மீது புகார் அளித்தனர். காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. பக்கம் மாறினால் விளைவது என்ன என்பதை இத்தகைய நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே உடற்கூறியலில் திட்டவட்டமான திசைச் சொற்கள் வகுக்கப்பட்டுள்ளன. 1951-ல் தொடங்கப்பட்ட கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரியான திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி உட்பட, எங்கும் மாணவர்கள் தொடக்கத்திலேயே பயில்வது இவற்றைத்தான்.

அடிப்படை நிலை

நிமிர்ந்து நின்று, முன்னோக்கிப் பார்த்து, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்புறம் காட்டும் நிலையே உடற்கூறியல் நிலை எனப்படும். நோயாளி படுத்திருந்தாலும், குப்புறக் கிடந்தாலும், அவர் இந்நிலையில் நிற்பதாகக் கருதியே திசைகள் கூறப்படும். இடம், வலம் என்பவையும் நோயாளியுடையவையே. எதிரே நிற்கும் மருத்துவருடையவை அல்ல. மார்பு எக்ஸ்-ரே படத்தில் இதயத்தின் பெரும்பகுதி பார்ப்பவரின் வலப்பக்கம் தெரிவதும் இதனால்தான்.

முக்கியச் சொற்கள்

தலையை நோக்கியது சுப்பீரியர். பாதத்தை நோக்கியது இன்ஃபீரியர். முன்புறம் ஆன்டீரியர்; பின்புறம் போஸ்டீரியர். உடலின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது மீடியல். விலகி இருப்பது லேட்டரல். இதன்படி சுண்டுவிரல் மீடியல் பக்கத்திலும், கட்டைவிரல் லேட்டரல் பக்கத்திலும் உள்ளன. கையை எப்படித் திருப்பினாலும் இது மாறாது.

கை, கால்களில், அவை உடலோடு இணையும் இடத்துக்கு அருகில் இருப்பது ப்ராக்ஸிமல். தொலைவில் இருப்பது டிஸ்டல். மருத்துவ அறிக்கையில் ‘டிஸ்டல் ரேடியஸ்’ முறிவு என்றிருந்தால், முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பு மணிக்கட்டை ஒட்டி முறிந்துள்ளது என்று பொருள்.

நோயாளி செய்ய வேண்டியது

சொற்கள் மட்டுமே தவறைத் தடுத்துவிடாது. எனவே உலக சுகாதார அமைப்பு 2008-ல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து தருவதற்கு முன் நோயாளியிடமும், கீறலுக்கு முன் குழுவினர் அனைவரும் கூடியும், சிகிச்சை செய்ய வேண்டிய இடத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. எந்தப் பக்கத்தில் சிகிச்சை நடைபெறும் என்று கேட்பதும், அவ்விடத்தில் அடையாளம் இடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும் நோயாளியின் உரிமையாகும்.